தையல் நூலில் மட்டும் நின்ற நீலம்

அண்ணன் மகள் ஐந்து வயதில் ஒரு மீன் வரைந்தாள். நீல மீன். அது ஒரு குடையும் பிடித்திருந்தது. தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்குக் குடை எதற்கு என்று கேட்டேன். "மேலே படகுல போறவங்க எட்டிப் பார்ப்பாங்கல்ல அத்தை, அதுக்கு" என்றாள். அண்ணி அந்தத் தாளைப் பத்திரமாக என்னிடம் கொடுத்து, "இதை அவ தலையணை உறையில போட்டுக் குடும்மா. ஆனா காட்டன்லதான் வேணும். பாலியஸ்டர் பட்டா அவளுக்குக் கன்னமெல்லாம் தடிச்சுடுது" என்றார்.

அப்போது நான் வீட்டிலேயே, தாளில் அச்சிட்ட படத்தைச் சூட்டால் துணிக்கு மாற்றும் சப்ளிமேஷன் முறைக்கான ஒரு பிரிண்டரும், சூடாக அழுத்தும் ஹீட் பிரஸ்ஸும் வைத்துக் குவளைகளிலும் விளையாட்டு பனியன்களிலும் படம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டு மாத அனுபவம். துணி வெள்ளையாக இருக்க வேண்டும், சூடு 200 டிகிரி, நேரம் ஒரு நிமிடம், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. காட்டனில் நிற்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏன் நிற்காது என்று தெரியாததால், இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக அழுத்தினால் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

நெருக்கமான நெசவு, தொட்டால் குளுமையாக இருக்கும் வெள்ளைப் பருத்தி உறை அது. படத்தை ஸ்கேன் செய்து, இடவலமாகத் திருப்பி, தாளில் அச்சிட்டு, 200 டிகிரியில் 75 விநாடி அழுத்தினேன். தாளை உரித்தபோது மீன் இருந்தது. பாலியஸ்டரில் வருகிற பளிச்சென்ற நீலம் இல்லை, தண்ணீர் கலந்தது போன்ற நீலம். ஆனால் கிரேயான் கோடுகூட விடுபடவில்லை. பழைய படப்புத்தகத்தின் பக்கம் மாதிரி இருந்தது. எனக்கு அது பிடித்துப்போனது. குழந்தை அன்றிரவு அதில்தான் கன்னம் வைத்துத் தூங்கினாள்.

மூன்றாவது சலவையில் மீன் போய்விட்டது.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. உறையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். நடுவில் ஒரு சாம்பல் நீலத் திட்டு. அது மீன் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். குடை முழுவதுமாகப் போயிருந்தது. "மீன் எங்கே போச்சு அத்தை?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. உறையைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். உறையின் வாய்ப்பக்கம் மடித்துத் தைத்திருந்த தையல், மீனின் வாலைக் குறுக்கே கடந்து போயிருந்தது. வால் போய்விட்டது. வாலைக் கடந்த தையல் மட்டும் நீலமாக இருந்தது. அழுத்திய அன்று சுற்றியிருந்த நீலத்தில் அது தனியாகத் தெரியவில்லை. இப்போது வெள்ளைத் துணியில் ஏழெட்டு நீலத் தையல்கள் வரிசையாக, பேனாவால் புள்ளி வைத்தது போலத் தெரிந்தன.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தையலுக்கு இந்தப் பக்கம் வெள்ளை இழை, அந்தப் பக்கம் வெள்ளை இழை, நடுவில் ஆழ்ந்த நீலத்தில் முறுக்கிய நூல். ஒரே சூடு, ஒரே அழுத்தம், ஒரே இங்க், ஒரே சோப்பு. உறை காட்டன். அதைத் தைத்த நூல் பாலியஸ்டர்.

அந்த ஏழெட்டுத் தையல்தான் என்னைப் படிக்க வைத்தது.

சப்ளிமேஷன் என்பதைப் பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் என்று படித்திருப்போம். திடப்பொருள் உருகித் திரவமாகாமல் நேராக ஆவியாவது. அலமாரியில் போட்ட அந்துருண்டை சில மாதத்தில் காணாமல் போகிறதே, அதேதான். தாளில் அச்சான சாயத்தை 190, 200 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஆவியாகிறது. எதிரில் அழுத்தியிருக்கிற துணிக்குள் நுழையப் பார்க்கிறது. கதவு திறந்திருந்தால் உள்ளே போய்த் தங்கும். இல்லாவிட்டால் வாசலில் படிந்து நிற்கும்.

பாலியஸ்டரில் கதவு திறக்கிறது. அந்த இழை நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டது. சாதாரண வெப்பத்தில் இறுகிக் கிடக்கும். 70, 80 டிகிரியைத் தாண்டினால் சங்கிலிகள் அசையத் தொடங்கும். 200 டிகிரியில் சாய மூலக்கூறு நுழைகிற அளவுக்கு இடைவெளிகள் பிறக்கும். பாலியஸ்டர் உருகுவது 255, 260 டிகிரியில்தான் என்பதால் 200 என்பது இளகும், ஆனால் உருகாது என்கிற வசதியான இடம். துணி ஆறும்போது சங்கிலிகள் மறுபடி இறுகிச் சாயத்தை உள்ளேயே பூட்டிக்கொள்கின்றன. சாயம் நூலின் மேல் பூசப்படவில்லை, நூலுக்குள் இருக்கிறது. அதனால்தான் சப்ளிமேஷன் செய்த பனியனைத் தடவினால் படம் இருப்பதே கைக்குத் தெரியாது.

பருத்தி வேறு வகை. அது செல்லுலோஸ். அதன் சங்கிலி நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. தண்ணீரைக் கண்டால் பிடித்துக்கொள்ளும் கைகள் என்று அவற்றை நினைத்துக்கொள்ளலாம். ஆய்வகங்கள் துணியை 20 டிகிரி வெப்பத்தில், 65% ஈரப்பதம் உள்ள காற்றில் வைத்து, அது எவ்வளவு நீரை இழுத்துக்கொள்கிறது என்று அளக்கும். பருத்தி தன் எடையில் சுமார் 8.5% இழுக்கும். பட்டு 11%, லினன் 12%, கம்பளி 16% வரை. பாலியஸ்டர் வெறும் 0.4%. சப்ளிமேஷன் இங்கில் இருக்கிற டிஸ்பர்ஸ் சாயமோ தண்ணீரில் கரையாதது, மின்சுமை இல்லாதது. தண்ணீரை விரும்பும் இழையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதோடு செல்லுலோஸ் சூட்டில் இளகுவதும் கிடையாது. பழுப்பேறும், கருகும், ஒருபோதும் உருகாது. 75 விநாடி இல்லை, ஐந்து நிமிடம் அழுத்தினாலும் அங்கே திறக்கக் கதவே இல்லை. என் மீன் மூன்று சலவை வரை வாசலில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

நாம் எதற்காகப் பருத்தியைத் தேடிப் போகிறோமோ, அதே குணம்தான் இந்தச் சாயத்தை வெளியே நிறுத்துகிறது. வியர்வையை இழுப்பதும் டிஸ்பர்ஸ் சாயத்தை ஏற்காததும் ஒரே காரணத்தால்தான். இது புரிந்தபிறகு பருத்தியின்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது.

இந்தச் சாயத்தின் கதையைத் தேடிப்போனதில் இன்னொன்றும் தெரிந்தது. டிஸ்பர்ஸ் சாயங்கள் பிறந்தது 1920-களில், பாலியஸ்டர் வருவதற்கு முன்பே. அன்றைக்குச் சந்தைக்குப் புதிதாக வந்திருந்தது அசிடேட் என்ற இழை. பஞ்சிலும் மரக்கூழிலும் இருக்கும் செல்லுலோஸையே எடுத்து, அதன் ஹைட்ராக்சில் கைகளில் பெரும்பாலானவற்றை அசிட்டைல் தொகுதிகளால் மூடிச் செய்தது. கைகளை மூடியதும் அது தண்ணீரை அவ்வளவாக விரும்பாத இழையாகிவிட்டது. பருத்திக்குப் போடும் சாயம் எதுவும் அதில் ஏறவில்லை. அதற்கென்று தனியாகக் கண்டுபிடித்ததுதான் டிஸ்பர்ஸ் சாயம். பருத்தி பருத்தியாக இருக்கும்வரை இந்தச் சாயம் ஏறாது, அதன் கைகளை மூடினால் ஏறும் என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி.

1941-இல் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் இங்கிலாந்தில் பாலியஸ்டர் இழைக்குக் காப்புரிமை கேட்டார்கள். அவர்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் காலிக்கோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன். காலிக்கோ என்றால் பருத்தித் துணி. அந்தச் சொல்லே கோழிக்கோட்டிலிருந்து போனது. பருத்தியில் அச்சுப் போடுகிறவர்களின் ஆய்வுக்கூடத்திலிருந்துதான் பாலியஸ்டர் வந்தது. அப்புறம் 1950-களின் பிற்பகுதியில் பிரான்சில் நோயல் த பிளாஸ் என்ற ஆய்வாளர், சில சாயங்கள் சூட்டில் ஆவியாகிப் பக்கத்துத் துணியில் ஏறுவதைக் கவனித்துத் தாளிலிருந்து துணிக்கு மாற்றும் முறையை உருவாக்கினார். சாயம், இழை, முறை மூன்றும் இப்படித்தான் ஒன்று சேர்ந்தன. இந்தக் கூட்டத்தில் பருத்திக்கு இடமே இருந்ததில்லை.

சரி, இவ்வளவு படித்தபிறகும் கை சும்மா இருக்கவில்லை. மீனையே எடுத்துக்கொண்டு, உள்ளங்கை அளவுத் துண்டுகளில் அழுத்திப் பார்த்தேன். முழுப் பாலியஸ்டர், 65-க்கு 35 பாலியஸ்டர் காட்டன் கலப்பு, பாதிக்குப் பாதி கலப்பு, காட்டன், லினன், பட்டு, மூங்கில் துணி. ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கழுவாமல் உறையில் போட்டு வைத்தேன். மறுபாதியைப் பத்து முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆய்வகங்களும் இப்படித்தான் கழுவிய துண்டைக் கழுவாததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். 1 முதல் 5 வரை ஒரு சாம்பல் அளவுகோல் உண்டு, 5 என்றால் நிறம் மாறவே இல்லை என்று அர்த்தம். வீட்டில் அளவுகோல் வேண்டாம், பாதித் துண்டே போதும். கண் ஏமாறாது. முழுத் துண்டையும் கழுவிவிட்டு நினைவை நம்பினால்தான் ஏமாறும்.

லினனில் சாயம் காட்டனில் போலவே போனது. லினனுக்குச் சொந்த நிறம் கொஞ்சம் மங்கல் மஞ்சள் என்பதால் நீலம் முதலிலேயே பச்சை பாய்ந்து தெரிந்தது. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளை என்பது துணியின் வெள்ளைதான். எல்லா நிறமும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், அதனால் துணியின் நிறம் படத்துக்குள் கலந்துவிடும். வெளுக்காத காட்டனில் அழுத்தினாலும் இதே கதைதான்.

மூங்கில் துணியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெயரில் மூங்கில் இருந்தாலும் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது மூங்கில் கூழைக் கரைத்து இழுத்த விஸ்கோஸ். அதுவும் செல்லுலோஸ், ஹைட்ராக்சில் கைகள் திறந்தே இருக்கின்றன. சாயம் நிற்காது.

பட்டு என்னைக் கொஞ்சம் அலைக்கழித்தது. இரண்டு துண்டுகளை வைத்திருந்தேன். ஒன்றில் மீன் மங்கலாக வந்தது, துணியும் லேசாக மஞ்சள் தட்டியது, சலவையில் நிறம் சீக்கிரமே இறங்கிவிட்டது. பட்டும் கம்பளியும் புரத இழைகள். 200 டிகிரி அவற்றுக்கு ஆகவே ஆகாது. இன்னொரு துண்டில் மீன் அற்புதமாக வந்தது, பத்துச் சலவைக்கும் அசையவில்லை. சந்தேகம் வந்து ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினேன். சுருங்கி, உருகி, கறுத்துக் கெட்டியான மணி போல ஆனது. நகத்தால் நசுக்க முடியவில்லை. முதல் துண்டின் நூல் எரிந்தபோது முடி கருகுகிற நாற்றம் வந்தது, மிச்சம் விரலில் பொடிந்தது. அதுதான் பட்டு. மற்றது பட்டு மாதிரி மினுக்கிய பாலியஸ்டர்.

இந்த நெருப்புச் சோதனையை இப்போது எந்தத் துணி வந்தாலும் செய்கிறேன். காட்டன் நூல் காகிதம் எரிவது போல எரியும், காகிதம் கருகிய வாசனைதான் வரும், மெல்லிய சாம்பல் ஊதினால் பறந்துவிடும். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு நூலை, இடுக்கியில் பிடித்து. உருகும் பாலியஸ்டர் சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். "காட்டன்ல போட்டேன், நல்லாத்தான் நிக்குது" என்று சொல்கிறவர்களின் துணியில் ஒரு நூலை எரித்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கலப்புத் துணிகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது அவைதான். பாதிக்குப் பாதித் துணியில் மீன் முதல் நாள் ஏறக்குறைய முழு நிறத்தோடு இருந்தது. இரண்டு சலவையில் சட்டென்று இறங்கியது, அதற்கப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. பூதக்கண்ணாடியில் அது ஏன் என்று தெளிவாகத் தெரிந்தது. ஒரே நூலுக்குள் நீல இழையும் வெள்ளை இழையும் பின்னிக் கிடந்தன. காட்டன் இழைகள் தங்கள்மேல் படிந்ததைத் தண்ணீரோடு அனுப்பிவிட்டன. பாலியஸ்டர் இழைகள் தங்கள் பங்கை வைத்துக்கொண்டன. தூரத்திலிருந்து பார்த்தால் வெளிறி, மென்மையாகி, பல வருடம் போட்டுப் பழகிய சட்டை மாதிரி ஒரு அழகு. 65-க்கு 35-இல் இன்னும் அழுத்தமாக நின்றது. அழகு என்று தெரிந்தே இந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக் கலப்புத் துணி அருமையான வழி. ஆனால் முதல் நாள் படத்தைக் காட்டி அதை விற்கக் கூடாது. இரண்டு முறை கழுவிய மாதிரியைக் காட்டித்தான் கேட்க வேண்டும். என்னிடம் இப்போது இருக்கிற மாதிரித் துண்டுகள் எல்லாமே கழுவியவை.

இன்னொரு எச்சரிக்கை. கலப்புத் துணியில் காட்டன் இருக்கிறதே என்று இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் குறியில் வைத்துவிடுவார்கள். அந்தக் குறியில் சூடு சுமார் 200 டிகிரி. அதாவது நாம் சாயத்தை உள்ளே ஏற்றிய அதே சூடு. கதவு மறுபடி திறக்கும், சாயம் கிளம்பி இஸ்திரி விரிப்பில் இறங்கும், படத்தின் ஓரம் மங்கும். குறைந்த சூட்டில், துணியை உட்புறமாகத் திருப்பித் தேய்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதி வைக்கிறேன்.

இனி குறுக்கு வழிகள். காட்டனிலும் சப்ளிமேஷன் வரும் என்று காட்டும் காணொளிகளில் மூன்று வகை திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, துணியில் தெளிக்கும் திரவம். அது காய்ந்ததும் இழைகள்மேல் ஒரு பாலிமர் படலம் நிற்கும். இரண்டாவது, சப்ளிமேஷனுக்கென்றே வரும் பாலியஸ்டர் வினைல். அதைக் காட்டனில் ஒட்டி, படத்தை அதன்மேல் அழுத்துவது. மூன்றாவது, டிடிஎஃப் என்ற, பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்டுத் துணியில் ஒட்டும் முறைக்குப் பயன்படுத்தும் பசைத்தூள். தாளில் அச்சிட்ட படத்தின்மேல் தூளைத் தூவி, உதறி, துணியில் வைத்து அழுத்துவார்கள். தூள் உருகித் துணியைப் பிடிக்கும், சாயம் அந்தத் தூளுக்குள் ஏறும்.

மூன்றையும் செய்து பார்த்தேன். தெளித்த துணி நன்றாக வந்தது, ஆனால் தெளித்த இடம் முழுக்கக் கஞ்சி போட்டது போல விறைத்தது. சலவைக்குச் சலவை படலத்தோடு சேர்ந்து நிறமும் உதிர்ந்தது. படத்தைச் சுற்றி நாள்பட நாள்பட ஒரு மஞ்சள் ஓரமும் தெரிந்தது. வினைல் நன்றாக நிற்கிறது. ஒரு பெயர், ஒரு சின்ன முத்திரை என்றால் தயங்காமல் அதைச் செய்யலாம். பெரிய படமென்றால் நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டியது போலத்தான். பசைத்தூளில் நிறம் நன்றாக வந்தது, ஆனால் தூள் சீராக விழாத இடமெல்லாம் அம்மைத் தழும்பு போலத் தெரிந்தது. கை பழகப் பழகச் சீராகலாம். புகையும் வரும், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். பருத்தியின்மேல் ஒரு பிளாஸ்டிக்கை வைக்கிறோம், பிளாஸ்டிக்கில் படம் போடுகிறோம். பருத்தி அதைத் தாங்கும் பலகையாக மட்டும் இருக்கிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை, கைப்பைக்கும் கொடிக்கும் சுவரில் மாட்டும் துணிக்கும் அது போதும். கைப்பை வியர்ப்பதில்லை. ஆனால் என் விஷயத்தில் கேட்டது ஒரு குழந்தையின் கன்னத்துக்கு. அண்ணி காட்டன் கேட்டது காட்டன் என்ற பெயருக்காக இல்லை. கன்னம் படுகிற இடத்தில் பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டு, இது காட்டன் உறை என்று கொடுத்தால் அவர் கேட்டதைக் கொடுத்ததாக ஆகாது.

பூச்சே இல்லாமல், நேராகக் காட்டனில் அழுத்தினால் என்ன, நாலு சலவை வந்தவரை வரட்டும் என்று ஒருவர் கேட்டார். தோலில் படுகிற துணிக்கு இதை நான் செய்யவே மாட்டேன். டிஸ்பர்ஸ் சாயங்களில் சில, குறிப்பாக டிஸ்பர்ஸ் ப்ளூ 106, டிஸ்பர்ஸ் ப்ளூ 124 என்பவை, தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. எல்லா இங்கிலும் இவை இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் எந்தச் சாயமாக இருந்தாலும், நூலுக்குள் பூட்டப்படாமல் மேலே தூசு போல உட்கார்ந்திருந்தால், அது தண்ணீருக்கு மட்டுமா போகும்? வியர்வைக்கும் போகும், உரசலுக்கும் போகும். அவள் கன்னம் வைத்துத் தூங்கிய உறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் காரணம் நானாக இருந்திருப்பேன்.

இழையையே மாற்றுகிற ஆராய்ச்சியும் உண்டு. பருத்தியின் ஹைட்ராக்சில் கைகளைப் பென்சாயில் தொகுதியாலோ அசிட்டைல் தொகுதியாலோ மூடினால் டிஸ்பர்ஸ் சாயம் ஏறும் என்று ஆய்வுக்கூடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். அது பழைய அசிடேட் கதையேதான், இம்முறை நெய்த துணியிலேயே. வீட்டு மேசையில் செய்கிற வேலை இல்லை இது. செய்தாலும், கைகளை மூடிய பருத்தி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்ற கேள்வி மறுபடி வந்து நிற்கும்.

அப்படியானால் காட்டனுக்கு என்னதான் வழி என்று கேட்டால், காட்டனுக்கென்றே பிறந்த சாயம் இருக்கிறது. 1954-இல் ராட்டி, ஸ்டீஃபன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள். 1956-இல் புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைச் செய்தது 1856-இல், சரியாக நூறு வருடம் முன்பு. இதற்கு ரியாக்டிவ் சாயம் என்று பெயர். இது ஹைட்ராக்சில் கைகளைப் பார்த்து ஓடுவதில்லை, அந்தக் கைகளையே பிடித்துக்கொள்கிறது. சலவைச் சோடா போன்ற காரம் இருந்தால் சாய மூலக்கூறும் செல்லுலோஸும் வேதிப் பிணைப்பால் ஒன்றாகிவிடுகின்றன. அதன்பிறகு சாயத்தைப் பிரிப்பது என்றால் இழையையே உடைப்பது மாதிரி. பட்டுக்கும் கம்பளிக்கும் ஆசிட் சாயங்கள் இருக்கின்றன. புரத இழையின் மின்சுமையைப் பிடித்து நிற்பவை அவை.

பெரிய ஆலைகளில் ரியாக்டிவ் மையையும் பிரிண்டரில் ஊற்றி அச்சிடுகிறார்கள். அதற்குத் துணியை முன்கூட்டியே காரம், யூரியா, கெட்டிப்பசை சேர்த்துப் பதப்படுத்த வேண்டும், அச்சிட்டபின் நீராவியில் வைக்க வேண்டும், ஒட்டாத சாயத்தை வெந்நீரில் அலசித் தள்ள வேண்டும். ஹீட் பிரஸ்ஸில் ஒரு நிமிடத்தில் முடிகிற காரியத்தின் வேகம் இதில் வராது. சப்ளிமேஷனில் துணியை அலசத் தண்ணீரே வேண்டாம் என்பது அதன் பெரிய பலம், அதை மறுக்க முடியாது. நிறமி மையில் நேரடியாக அச்சிடும் டிடிஜியும் காட்டனுக்கு நல்ல வழிதான். ஆனால் அதற்குத் தனி இயந்திரம் வேண்டும், என்னிடம் இல்லை.

என்னிடம் இருந்தது ஒரு மேசை. போன வருடம் அண்ணன் மகளுக்கு ஏழு வயது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அதே மீனைச் செய்தோம்.

புது உறை, அதே மாதிரி நெருங்கிய நெசவு. ஓரத்து நூலை எரித்துப் பார்த்தேன், சாம்பல். துணியில் ஆலையில் போட்ட கஞ்சி போக வெந்நீரில் அலசி, சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்து, பிழிந்து, நிழலில் உலர்த்தினேன். சாயப் பொடியைக் கலக்கியது அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், முகக்கவசத்தோடு. அந்தப் பொடி மூச்சில் போனால் ஒவ்வாமை தரக்கூடியது, கரைத்தபிறகு அந்தப் பயம் இல்லை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் பசையைச் சேர்த்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்தேன். சாதா மாவுப் பசை ஆகாது. மாவிலும் ஹைட்ராக்சில் கைகள் உண்டு, சாயம் துணியை விட்டுவிட்டு அதோடு சேர்ந்துகொள்ளும்.

அவளுக்குச் சின்னக் கையுறை மாட்டிவிட்டேன், சோடா தோலை அரிக்கும். பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூரிகையால் வரைந்தாள். ஐந்து வயதுக் கோட்டை ஏழு வயதுக் கை அப்படியே வரையவில்லை. மீன் பெரிதாகிவிட்டது. குடைக்கு இப்போது கம்பிகள் வந்துவிட்டன. வால், உறையின் வாய்ப்பக்கத் தையலைத் தாண்டி விளிம்புவரை போனது.

பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈரம் காயாமல் மறுநாள்வரை வைத்திருந்தோம். சூடு வேண்டாம், அழுத்தம் வேண்டாம். மறுநாள் குழாயடியில் பிடித்தபோது நீலம் பெருகி ஓடியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகுது அத்தை. இதுவும் போகுது."

"ஒட்டாம மிச்சமிருக்கிறதுதான் போகுது. பொறு."

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். முதலில் குளிர்ந்த தண்ணீரில், அப்புறம் கை பொறுக்கும் வெந்நீரில், அப்புறம் கொதிக்கக் கொதிக்க வாளியில் ஊற்றி. ஏழாவது தண்ணீர் வெளிர் நீலம். எட்டாவது ஏறக்குறைய நிறமே இல்லை. ஒன்பதாவதில் வாளியின் அடி தெரிந்தது. துணியில் மீன் இருந்தது, கிரேயானில் போட்டதைவிட ஆழமான நீலத்தில்.

அந்த உறை இன்றைக்கு எத்தனையோ சலவை பார்த்துவிட்டது. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். விறைப்பு இல்லை, பருத்தியின் அதே குளுமை. வால் பக்கம் குனிந்து பார்த்தேன். வால் முழுக்க நீலம். அதைக் குறுக்கே கடந்து போகிற தையல், பாலியஸ்டர் நூல், ஒரு பொட்டு நிறம்கூட ஏறாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.